ஜெபத்தில் நிலைத்திருப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

வசனங்கள் பழைய திருப்புதல் எனப்படும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்க வாசகர்கள் திருவிவிலியத்தில் அதே அதிகாரங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவது என்று உட்காருகிறேன். ஆதியாகமம் கதையாகப் போய்விடுகிறது. சீனப் புத்தாண்டு வருவதற்குள் எங்கேயோ நின்றுவிடுகிறது. மறு வருடமும் இதே கதைதான். எனக்கு உறுதி போதவில்லையா?
— வாசகி, செந்தூல்

பதில்: உங்களை நொந்துகொள்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றே கால் அதிகாரம் வேண்டும். ஆதியாகமத்தில் 50, யாத்திராகமத்தில் 40. நாளுக்கு மூன்று வீதம் வாசித்தால் 30 நாளில் இரண்டும் முடிந்து, 31ஆம் நாள் காலையில் லேவியராகமத்தின் சர்வாங்க தகனபலி எதிரே வந்து நிற்கும். அதற்கு முன்பே ஆசரிப்புக் கூடாரத்தின் பலகையும் கொக்கியும் திரையும் இரண்டு தடவை வந்து போயிருக்கும்: 25 முதல் 31 வரை கட்டளையாக, 35 முதல் 40 வரை வேலையாக. களைத்துப்போன ஆள் லேவியராகமத்தில் விழுவதில் ஆச்சரியமே இல்லை. பெரும்பாலானவர்கள் விழுவது அங்கேதான்.

அடுத்த கண்ணி, பாக்கி. இரண்டு நாள் விட்டால் ஆறேழு அதிகாரம் சேர்ந்துவிடும். ஒரு வாரம் விட்டால் ஏறக்குறைய 23. அதை அடைக்க ஒரே ராத்திரியில் பத்து அதிகாரம் கண்ணோட்டம் விடுவீர்கள், ஒன்றும் மனதில் நிற்காது, மறுநாள் புத்தகத்தைத் தொடவே கூசும். வாசிப்பை நிறுத்துவது பெரும்பாலும் சோம்பல் அல்ல, இந்தக் கூச்சம்தான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மரே மக்செயின் 1842இல் தம் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை போட்டார். நாளுக்குச் சுமார் நான்கு அதிகாரம். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறை. இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும் என்றும், சிலர் பாகத்தை முடித்ததிலேயே திருப்திப்பட்டுவிடுவார்கள் என்றும் அட்டவணையோடு சேர்த்து அவரே எச்சரிக்கை எழுதினார். அட்டவணையை எடுத்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது வேறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. முதல் ஆறு வாரத்துக்கு மாற்கு 16, பிலிப்பியர் 4, யாக்கோபு 5, 1 பேதுரு 5 என்று 30 அதிகாரம். மாற்கு வேகமாக நகரும். மற்ற மூன்றும் நெருக்கடியை நன்றாக அறிந்தவை. பிலிப்பியர் சிறையிலிருந்தே எழுதப்பட்டது. வாய்விட்டு வாசியுங்கள், ஒரு அதிகாரத்துக்கு ஏழெட்டு நிமிடம் போதும். முடித்ததும் அதிகார எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி. ஞாயிறு இரவுக்குள் பிடிக்க முடியாததை அப்படியே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை அந்த வாரத்துக்குரிய இடத்தில் தொடங்க வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள்.

லேவியராகமத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எபிரெயர் 7 முதல் 10 வரை வாசித்துவிட்டு லேவியராகமம் 16க்குத் திரும்பிப் பாருங்கள். முன்பு தூக்கம் வரவழைத்த அதே அதிகாரம் உட்காரவைக்கும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்காதவன் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர மாட்டான் என்கிறார்கள். இரவு ஷிப்டில் ஐந்து மணிக்கு நான் மெஷின் முன்னால் நிற்கிறேன். என்ன செய்ய, ஐயா?
— வாசகர், பினாங்கு

பதில்: ஐந்து மணி என்று வேதத்தில் கட்டளை கிடையாது தம்பி. இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" போய் ஜெபித்தார் என்கிறது மாற்கு 1:35. அதே இயேசு இராமுழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12இலும், ஜனங்களை அனுப்பிவிட்டு மலையேறிச் சாயங்காலம் தனியே இருந்ததை மத்தேயு 14:23இலும் பார்க்கிறோம். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில்கூட துறவிகள் எழும் நேரம் குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று.

மணியைக் கட்டிக்கொள்ளாமல், தினம் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டுங்கள். உங்களுக்கு நல்லது, வீடு திரும்பிக் குளித்து உடை மாற்றியதும், சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்கு முன். பகல் ஷிப்டில் அது இரவு எட்டு மணியாக இருக்கும், இரவு ஷிப்டில் காலை எட்டு. சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் நடக்காது. கட்டிலில் உட்கார்ந்தாலும் நடக்காது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு, மூன்றாவது நிமிடத்தில் சாய்ந்துவிடும். நாற்காலியில் கால் தரையில் பட உட்காருங்கள். தூக்கம் கண்ணைக் கட்டினால் எழுந்து நின்று ஜெபியுங்கள்.

பத்து நிமிடம் போதும். ஒரு நிமிடம் சும்மா இருந்து மூச்சு சீராகட்டும். நான்கு நிமிடம் வாசிப்பு, அதிகாரத்தில் பாதி ஆனாலும் சரி. மூன்று நிமிடம் ஜெபம். கடைசி இரண்டு நிமிடத்தில் வாசித்ததிலிருந்து ஒரு வரியை நோட்டில் எழுதுங்கள். ஷிப்ட் மாறுகிற முதல் இரண்டு நாளில்தான் இந்த ஒழுங்கு உடையும். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே சின்ன பாகம் ஒன்றை ஒதுக்கிவையுங்கள்: சங்கீதம் 23இல் ஆறு வசனம், 121இல் எட்டு. அதற்கு மேல் அன்று உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

கிளீன்ரூம், அதாவது தூசு நுழையாமல் காக்கிற தொழிற்சாலை அறை என்றால் பல இடங்களில் கைப்பேசியும் உள்ளே போகாது, சாதாரணக் காகிதமும் போகாது. மனப்பாடமாக இருப்பதுதான் உள்ளே வரும். வாரம் ஒரு வசனம் எடுத்து கம்பெனி பஸ்ஸில் படியுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், முப்பதாம் நாள் என்று பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வசனம் எங்கே இருக்கிறது என்பதை ஆரம்பத்திலும் முடிவிலும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை விட்டவர்களுக்கு வசனம் நினைவிருக்கும், தேடினால் கிடைக்காது.

ஞாயிறு காலை வேலை முடிந்து நேரே ஆராதனைக்குப் போய்த் தூங்கி விழுவதைவிட சனி மாலை ஆராதனை உள்ள இடத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குச் செல்லும். அதுவும் முடியாத வாரத்தில் உங்கள் ஓய்வு நாளில் கூடுகிற வீட்டுக்கூட்டத்துக்குப் போங்கள். பாஸ்டரிடம் ஷிப்ட் அட்டவணையைக் காட்டிவிட்டால், ஆளைக் காணோமே என்று யாரும் பேசமாட்டார்கள். குறைவாகவாவது பேசுவார்கள்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்த உடனே கேஸ் தோம்பு தீர்ந்துவிட்டதே, மகனுக்கு டியூஷன் பணம் கட்டவில்லையே என்று மனம் எங்கேயோ போய்விடுகிறது. கைப்பேசியில் பைபிள் வாசித்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்து விழுகிறது.
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். அச்சிட்ட வேதாகமம் வாங்குங்கள். கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு வாருங்கள். சத்தத்தை அணைத்துக் கவிழ்த்து வைப்பது போதாது, கை தானாகப் போகும். காலை ஆறு மணிக்குக் குழுவில் வருகிற பூப்போட்ட வசனப் படத்தை நாலு பேருக்கு அனுப்புவதை வேத வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேஸ் தோம்பு விஷயத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். நினைவுக்கு வந்ததை ஒரு சொல்லில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதினால் மனம் விட்டுவிடும், எழுதாவிட்டால் மறந்துவிடுவோமோ என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். ஒரு வாரமாக ஒரே பெயரோ ஒரே கடனோ திரும்பத் திரும்ப வந்திருந்தால், நாளைக்கு முதல் ஜெபக் குறிப்பு அதுதான். டியூஷன் பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே உலக சமாதானத்துக்காக ஜெபித்தால் மனம் எப்படி நிற்கும்?

உதட்டை அசைத்து, மெல்லிய குரலில் ஜெபியுங்கள். மௌன ஜெபம் பழகினவர்களுக்கே கடினம். அதற்கும் மனம் கட்டுப்படவில்லையென்றால் ஒரே வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" (சங்கீதம் 70:1). ஜான் கேசியன் என்ற துறவி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்துப் பாலைவனத்து மூத்தோரின் பழக்கமாக எழுதிவைத்தது இது. பசியிலும் தூக்கத்திலும் கோபத்திலும் அவர்கள் இதையே சொன்னார்கள். குருக்களும் துறவிகளும் நாள்தோறும் சொல்லும் கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை இன்றும் இந்த வசனத்தோடு தொடங்குகிறது. மனம் ஓடினதும் திட்டிக்கொள்ளாமல் இந்த வசனத்துக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் இருபது தடவை வர வேண்டியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் வீணல்ல.

கேள்வி: பாட்டுப் பாடும்போது முன்பெல்லாம் கண்ணீர் வரும். இப்போது உதடு மட்டும் அசைகிறது. ஜெபம் கூரையைத் தாண்டாததுபோல் இருக்கிறது. பாவத்தில் விழுந்ததாகவும் தெரியவில்லை. ஞாயிறு பள்ளிப் பொறுப்பை விட்டுவிடலாமா, வேறு சபைக்குப் போனால் சரியாகுமா என்று யோசிக்கிறேன். என் விசுவாசம் போய்விட்டதா? எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: விசுவாசம் போனவர்களுக்கு இந்தக் கவலை வராது அக்கா. நீங்கள் கேட்ட இரண்டு முடிவுகளையும் இப்போது எடுக்காதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இக்னேஷியஸ் தம் "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் இப்படிப்பட்ட வறட்சிக் காலத்துக்கென்றே விதிகள் எழுதியிருக்கிறார். அதில் முக்கியமானது, வறட்சியில் இருக்கும்போது முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது. மாற்ற வேண்டியிருந்தால் வெளிச்சம் திரும்பின பிறகு மாற்றலாம். ஞாயிறு பள்ளியைத் தெளிவாக இருந்த நாளில் ஏற்றீர்கள். விடுவதாயிருந்தாலும் அப்படி ஒரு நாளில் விடுங்கள்.

வறட்சிக்கு அவர் மூன்று காரணம் சொல்கிறார். நாமே அசட்டையாக இருந்தது ஒன்று. ஆறுதல் கிடைக்காதபோதும் நிற்கிறோமா என்று சோதிக்கப்படுவது ஒன்று. ஆறுதல் நம் கெட்டிக்காரத்தனத்தால் வருவதல்ல, கொடுக்கப்படுவது என்று தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றாவது. முதல் காரணமா என்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள்: யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா, வாசிப்பு எந்த மாதம் நின்றது, இரவு எத்தனை மணிக்குத் தொலைக்காட்சியை அணைக்கிறீர்கள்? இருந்தால் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இல்லாத பாவத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் கூட்டங்களில் வறட்சி என்றாலே "மறைவான பாவம்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் இருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் அதுதான். தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

வேறு சபைக்குப் போனால் சரியாகுமா என்கிற எண்ணமும் பழையதுதான். நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் இதைப் படம்பிடித்ததுபோல் எழுதியிருக்கிறார். காலை பத்து மணி சுமாருக்குத் துறவிக்குச் சலிப்பு தட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பான். பகல் ஐம்பது மணி நேரம்போல நீளும். யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பான். பிறகு இந்த இடமே பிடிக்காது, வேறு இடத்தில் இருந்தால் தேவனை நன்றாகச் சேவிக்கலாமே என்று தோன்றும். எவாக்ரியுஸ் சொல்லும் மருந்து, அறையை விட்டுப் போகாதே. உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

இனி தினம் செய்ய வேண்டியது. சொந்த வார்த்தை வராதபோது அதற்காக மல்லுக்கட்டாதீர்கள். சங்கீதம் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. ஒவ்வொரு இரண்டு வசனத்துக்கும் பிறகு நிறுத்தி, உங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வசனம் இன்று பொய்யாகப் படுகிறதென்றால் சங்கீதம் 88க்குப் போங்கள். அது கடைசிவரை விடியாமலே முடிகிறது, அப்படியும் வேதத்தில் இருக்கிறது. நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒதுக்கின நேரத்தைக் குறைக்கத் தோன்றும்போது அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இரு என்பதும் இக்னேஷியஸ் சொன்னதுதான். பத்து நிமிடம் என்றால் பதினொன்று. அதற்காக ஒரு மணி நேரமாக்கவும் வேண்டாம், இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள்.

உடம்பையும் பாருங்கள். "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). "உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மை, தைராய்டு, ரத்தசோகை மூன்றுமே மனதை இப்படி மழுங்கடிக்கும். ஆராதனையில் மட்டுமல்லாமல் பேரப்பிள்ளையைத் தூக்கினாலும், பிடித்த சமையலிலும் ஒன்றும் தோன்றவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி என்றால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண்ணான 15555க்கு அழையுங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் தங்கள் ரத்த அழுத்த மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டியூஷன் முடிந்து பிள்ளைகள் வர ஒன்பது மணி. குடும்ப ஜெபத்தில் சின்னவன் தூங்குகிறான், பெரியவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள்.
— வாசகர், கிள்ளான்

பதில்: எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. நாற்பது நிமிடம் என்றால் பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடியுங்கள்: கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், எட்டு முதல் பன்னிரண்டு வசனம், ஒவ்வொருவரும் ஒரு வாக்கிய ஜெபம், கர்த்தருடைய ஜெபம். வசனத்தைப் பெரியவள் வாசிக்கட்டும், பாட்டைச் சின்னவன் தேர்ந்தெடுக்கட்டும். அதே பாட்டை அவன் ஒரு வாரம் கேட்டாலும் பாடுங்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறினால் எல்லாருக்கும் முன்னால் திருத்தாதீர்கள்.

ஜெபத்தில் பிள்ளையைக் கண்டிக்கிற வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். "ஆண்டவரே, கைப்பேசியே கதியென்று கிடக்கிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு அப்பா சொல்வது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று அவளுக்குத் தெரியும். முகம் தூக்குவது அதனால்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: லெந்து நாட்களில் மதியம்வரை உபவாசம் இருக்க ஆசை. எனக்குச் சர்க்கரை நோய். கிளிக்கிளாசைடு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். மருந்தை அன்று மட்டும் நிறுத்தலாமா?
— வாசகர், கெப்போங்

பதில்: கூடாது. கிளிக்கிளாசைடும் இன்சுலினும் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்களாக நிறுத்தினாலோ ஏறிவிடும். உபவாசத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும். அவர் சம்மதித்தாலும் விரலில் குத்திப் பார்க்கிற கருவி கையில் இருக்க வேண்டும். சர்க்கரை 3.9 mmol/Lக்குக் கீழே போனால், அல்லது வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் அந்த நிமிடமே உபவாசம் முடிந்தது. 15 கிராம் சீனியை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். "ஜெபம் முடியட்டும்" என்று காத்திருப்பதில்தான் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள்.

கத்தோலிக்கச் சட்டத்தில் கட்டாய உபவாசம் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான், 18 வயது முடிந்தவர்கள் முதல் 59 வயதுவரை. அதிலும் ஒரு முழுச் சாப்பாடும், சேர்த்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத இரண்டு சிறு உணவும் உண்டு. நோயாளிகளுக்கு அதுவும் விலக்கு. மற்ற சபைகளில் பெரும்பாலும் அவரவர் விருப்பம்.

உணவல்லாத உபவாசத்தை யோசியுங்கள். சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள்வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால் 40. அந்த 40 நாளுக்கு மாலைத் தொடரையோ முகநூலையோ விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வெளிச்சாப்பாட்டுக்கு ஆகிற பன்னிரண்டு வெள்ளியை உறையில் போட்டு இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் ஏசாயா 58 சொல்லும் உபவாசத்துக்கு நெருங்குவீர்கள். இனிப்புத் தண்ணீரை விடுவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், அதை மருத்துவர் எப்போதோ சொல்லியிருப்பார்.

கேள்வி: ஆறு வருடமாகச் சபைக்குப் போகவில்லை. திரும்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்ததும் "எங்கம்மா காணோம், வழி தெரிஞ்சுதா?" என்பார்கள். அதை நினைத்தால் கால் எழவில்லை.
— வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: அந்தக் கேள்வி வரத்தான் செய்யும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "ஆமாம் ஆன்ட்டி, ரொம்ப நாளாச்சு. வந்துட்டேன், நல்லா இருக்கீங்களா?" இவ்வளவு போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வி வரும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் சந்தோஷம்தான், அதைச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வருவதற்கு கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு, உயிர்ப்பு ஞாயிறு மூன்றும் ஏற்ற நாட்கள் அல்ல. கூட்டத்தில் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள், கவனிப்பவர்கள் விழாவுக்கு வந்தவள் என்று நினைப்பார்கள். வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள். பத்திருபது பேர் இருப்பார்கள், வருகிறவர்கள் ஜெபிக்க வருகிறவர்கள். அதற்கு முன் போதகருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பலாம். நாலு வாரம் தொடர்ந்து வந்த பிறகு ஒரு சின்ன வேலை கேளுங்கள், பாட்டுப் புத்தகம் எடுத்துவைப்பதுபோல. வேலை இருந்தால் வராத வாரம் யாராவது தேடுவார்கள். பாடகர் குழுவுக்கோ சாட்சி சொல்லவோ உடனே அழைத்தால் மறுத்துவிடுங்கள். திரும்பி வந்தவர்களை மேடையேற்றும் அவசரத்தில் பலரை மறுபடி இழந்திருக்கிறார்கள்.

சபையை விட்டதற்குக் காரணம் அங்கே ஒருவர் செய்த கெடுதல் என்றால் இதெல்லாம் பொருந்தாது. அவர் இன்னும் பொறுப்பில் இருந்தால் வேறு சபைக்குப் போங்கள். அதைப் பின்வாங்குதல் என்று யாரும் சொல்லக்கூடாது.

நீங்கள் கத்தோலிக்கர் என்றால் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒப்புரவு அருட்சாதனம். "கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு வருடம் ஆகிறது ஃபாதர், முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று தொடங்குங்கள். மீதியை அவர் கேட்டு நடத்துவார். சனிக்கிழமை திருப்பலிக்கு முன் வரிசை நீளமாக இருக்கும் இடங்களில் தனி நேரம் கேட்டு வாங்குவது நல்லது.

பேதுரு மறுதலிக்கும் முன்பே இயேசு, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார் (லூக்கா 22:32). கரையில் மறுபடி சந்தித்தபோது பழைய கணக்கைக் கேட்கவில்லை. முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார், பிறகு "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டார் (யோவான் 21). ஆன்ட்டிமார் கேட்பதற்கு முன் அந்த அதிகாரத்தை ஒரு தடவை வாசித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பெரிய வெள்ளிக்கு எங்கள் அலுவலகத்தில் விடுமுறை இல்லை. கேட்கவும் தயக்கம்.
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: பெரிய வெள்ளி மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில்தான் பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. ஆண்டு விடுப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான். 1955 வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16. உங்களுக்கு முக்கியமில்லாத வேறொரு பண்டிகை விடுமுறையில் வேலை செய்து இதற்கு மாற்றிக்கொள்ள முதலாளி சம்மதித்தால் அதுவும் நடக்கும். எப்படியானாலும் விண்ணப்பத்தைப் பிப்ரவரியிலேயே கொடுங்கள். முந்தின வாரம் கேட்டால் பெரும்பாலும் ஆள் போதவில்லை என்பார்கள்.

கிடைக்கவே இல்லையென்றால் மதிய இடைவேளையில் யோவான் 18, 19 வாசியுங்கள். 82 வசனம், சுமார் இருபது நிமிடம். மாலையிலும் ஆராதனை வைக்கிற சபைகள் உண்டு, முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.